தெக்லாவின் தும்மல்

அந்த வருஷம் மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில், நற்கருணை உயர்த்துகிற நேரம். சிறுமணி அடித்து ஓய்ந்து, கோயில் முழுக்கத் தலை கவிழ்ந்திருந்தது. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் வெடித்தது. மூக்கைப் பொத்தி, மூச்சைப் பிடித்து, அதற்கு மேல் முடியாமல் போன தும்மல். பின்னாலேயே மூக்குப்பொடி வாசனையும் லேசாக வந்தது.

மற்ற நாளாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் "வாழ்க" என்று முணுமுணுத்துவிட்டுச் செபத்தைத் தொடர்ந்திருப்பார். தும்மியவரை வாழ்த்தாமல் விடுகிற வழக்கம் எங்கள் மிலானில் கிடையாது. ஆனால் அன்றைக்கு வாழ்த்த யாருக்கும் வாய் வரவில்லை. இனிப் புகையிலையைத் தொடுவதில்லை என்று ஊரே வருஷப் பிறப்பன்று சத்தியம் செய்திருந்தது. சுருட்டுக்கும் பொடிக்கும் கொடுக்கிற வரி, வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு எங்களை ஆள்கிற சக்கரவர்த்தியின் பெட்டிக்குத்தானே போகிறது. அந்த எரிச்சலில் அவருடைய வெள்ளைச்சட்டைச் சிப்பாய்கள் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, போகிற வருகிறவர்கள் முகத்தில் புகையை ஊதி, எதிர்த்துக் கேட்டவர்களை வெட்டிப் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. செத்தவர்களின் வீட்டார் கறுப்பு உடுத்தி முன்வரிசையில் முழங்காலில் இருந்தார்கள். அவர்கள் தலைதான் முதலில் திரும்பியது. பிறகு எல்லார் தலையும் திரும்பியது.

அந்தக் கணத்தில், பெண்கள் வரிசையின் ஓரத்தில் இருந்த தெக்லா கைக்குட்டையை மூக்கில் வைத்து அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டாள். தெக்லாவுக்கு ஆம்பளைத் தொண்டை. முதல் தும்மலும் அவளுடையதுதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் மூக்கைத் துடைத்து, திரும்பிய முகங்களை ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

உண்மையில் தும்மியவர் சேணம் தைக்கிற கலிமேரோ. தெக்லாவுக்கு அது தெரியும். அவள் கால்வாய்க்கரையில் துணி வெளுப்பவள், வெளுப்பவளிடம் மூக்குப்பொடியை ஒளிக்க முடியாது. சத்தியம் செய்த பிறகு வந்த முதல் மூட்டையிலேயே கலிமேரோவின் கைக்குட்டையில் அதே பழுப்புக் கறை இருந்தது. மற்றப் பெண்கள் வருவதற்கு முன்னால், துவைகல் வரிசைக்கு வெகு கீழே போய், அதை மட்டும் தனியாக அலசினாள். பழுப்புத் தண்ணீர் ஒருவர் கண்ணிலும் படாமல் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படியே செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை, கலிமேரோவிடம்கூட. ஆண்டவர் ஒருவர்தான் பார்த்திருந்தார்.

கலிமேரோவின் மனைவி பெலாஜியாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கண்ணில் பட்டது தெக்லா மூக்கைத் துடைத்ததுதான்.

பெலாஜியா பாலத்து முனையில் குடல் சூப் கடை வைத்திருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். குளிரில் வெடவெடத்துக்கொண்டு வருகிற படகுக்காரனுக்கு ஒரு அகப்பை கூடுதலாகவே ஊற்றுவாள். ஆனால் ஒருவரைப் பற்றி அவள் மனசில் ஒரு எண்ணம் விழுந்துவிட்டால் அதைப் பிடுங்க யாராலும் முடியாது. தெருக்காரர்கள் சத்தியம் செய்ததே அவள் கடையில்தான். அன்றைக்குக் கலிமேரோவின் பொடி டப்பாவை அவளே வாங்கி, பாலத்தின் நடுவில் நின்று, எல்லாரும் பார்க்கக் கால்வாயில் எறிந்தாள்.

"இருபது வருஷப் பழக்கம். ஒரே நாள்ல உதறிட்டாரு எங்க வீட்டுக்காரரு," என்றாள். "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். மத்ததெல்லாம் மீசை வெச்ச பூனை."

கலிமேரோ அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். அத்தனை பேர் தட்டிய பிறகு மனுஷன் எந்த முகத்தோடு "என்னால முடியல" என்று சொல்வார்?

பூசை முடிந்ததும் பெலாஜியா கோயில் படியில் தெக்லாவை மறித்தாள்.

"தெக்லா, நில்லு."

"நின்னுட்டுதான் இருக்கேன்."

"உன் மூக்குல என்ன?"

"சளி."

"சளிக்குப் பொடி வாசனை வருமா?"

"உன் கடைக் குடலுக்கு வர்ற வாசனையை விடக் கம்மிதான்."

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். பெலாஜியாவின் முகம் சிவந்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. உள்ள புருஷனைப் பறிகொடுத்தவ முழங்கால்ல நிக்கிறா. இவ அவளுக்குப் பின்னாடி உக்காந்து சக்கரவர்த்திக்குக் காணிக்கை போட்டுட்டு இருக்கா."

வண்டிக்காரன் நசாரோ கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, இவ வெள்ளைச்சட்டைக்காரன் துணியும் வாங்கி வெளுக்கிறவதானே? அங்கதான் ஒட்டியிருக்கும்."

"உன் துணியும் வாங்கி வெளுக்கிறேன் நசாரோ," என்றாள் தெக்லா. "உன்கிட்டருந்து எனக்கு எதுவும் ஒட்டல. அறிவுகூட ஒட்டல, அது உன்கிட்ட இருந்தாத்தானே."

கூட்டத்தின் பின்வரிசையில் கலிமேரோ தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டு நின்றார். தெக்லா அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். "நான் பொடி போடவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்பதுதான்.

அன்றிலிருந்து தெருவுக்குத் தெக்லா ஆகாதவள் ஆனாள். அவள் தெருவில் நடந்தால் ஒரு ஜன்னலிலிருந்து "ஹச்" என்று பொய்த்தும்மல் வரும். எதிர் ஜன்னலிலிருந்து இன்னொன்று வரும். கடைசி வீடு வரைக்கும் தும்மிக்கொண்டே வழியனுப்புவார்கள். துணி வெளுக்க அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கரைக்கிறவளுக்குத் தும்மல் வரத்தான் செய்யும். அவள் நிஜமாகத் தும்மினால் மட்டும் தெருவே ஊமையாகிவிடும். "வாழ்க" என்கிற சொல்லை அவளுக்குக் கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை.

துவைகல் வரிசையில் முதல் கல் தெக்லாவுடையது. தண்ணீர் வந்து முதலில் தொடுகிற கல், சுத்தமான தண்ணீர். ஒருநாள் காலையில் அவள் வந்தபோது அதில் இன்னொரு வெளுப்பவள் மார்ச்செல்லீனா முட்டி போட்டிருந்தாள். பக்கத்தில் பெலாஜியா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உன் இடம் அங்க," என்று கடைசிக் கல்லைக் காட்டினாள் பெலாஜியா. "எல்லார் அழுக்கும் வந்து சேர்ற இடம்."

தெக்லா மார்ச்செல்லீனாவைப் பார்த்தாள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. தெக்லா முட்டி போடுகிற மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கல்லுக்குப் போனாள். கலங்கின தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக வராது. அவள் ஒவ்வொரு துணியையும் இரண்டு தரம் அலசியதில் கை வெடித்து ரத்தம் கசிந்தது.

பிப்ரவரியில் நசாரோவுக்கு ஒரு யோசனை வந்தது. தெருவில் வேறு யாரெல்லாம் களவாகப் பொடி போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க ஊர் முழுக்க அலைய வேண்டாம், எல்லார் கைக்குட்டையும் தெக்லாவின் கையில்தானே வந்து விழுகிறது? பெலாஜியாவும் அவனும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனார்கள்.

"தெக்லா, உனக்கு ஒரு வழி விடறோம்," என்றாள் பெலாஜியா. "பேரைச் சொல்லு. எந்த வீட்டுக் கைக்குட்டை பழுப்பா வருதுன்னு சொல்லு. சொன்னா முதல் கல்லு உனக்கு. பழசை மறந்துடறோம்."

தெக்லா துணியை அடிப்பதை நிறுத்தவில்லை. "கேக்கறது நீதானே?"

"நான்தான்."

"நிஜமாவே நீதான் கேக்கறியா பெலாஜியா?"

"காது மந்தமா உனக்கு?"

தெக்லா கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "உங்க அழுக்கை நான் கையால தொடறேன். நாக்கால தொடறதில்லை," என்றாள். "போங்க. வெயில் போகுது."

வெளுக்கிறவர்கள் சங்கத்தில் சேருகிற அன்றைக்கு, கால்வாய்க்கரைக் கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நின்று சொல்லுகிற வாக்கு ஒன்று உண்டு. துணியில் கண்டதைத் தண்ணீருக்குத் தவிர வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று. பலபேர் சேர்ந்த மறுநாளே அதை மறந்து அரட்டையில் இறங்கிவிடுவார்கள். தெக்லா மறக்காதவள். பெலாஜியா அதையெல்லாம் நினைத்துப் பார்க்கிற நிலையில் இல்லை.

"வாயைத் திறக்க மாட்டேங்கிறா பாத்தியா," என்று நசாரோவிடம் சொன்னாள். "கூட்டுக் களவாணி."

அன்று சாப்பிடும்போது கலிமேரோ பொலெந்தாக் களியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"ஏன் பெலாஜியா, அவளை விட்டுத் தொலையேன். பாவம், கையெல்லாம் வெடிச்சிருக்கு."

"பாவமா? எவ பாவம்? அவ போட்ட ஒவ்வொரு சிட்டிகையும் வெள்ளைச்சட்டைக்காரன் துப்பாக்கியில ஒரு குண்டு."

கலிமேரோவின் கரண்டி நின்றது. "அவ போட்டதை நீ பாத்தியா?"

"மூக்கைத் துடைச்சதைப் பாத்தேனே. உமக்கு இளகின மனசு. ஒரே நாள்ல விட்ட மனுஷனுக்கு, விட முடியாத கழுதைங்க மேல இரக்கம் என்ன வேண்டிக்கிடக்கு?"

அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அந்த மாதம் முழுவதும் பட்டறையிலேயே கிடந்தார். பெலாஜியா மூன்று வண்ண நூலெடுத்து, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று ஓரம் தைத்து அவருக்கு இரண்டு கைக்குட்டை கொடுத்தாள். எங்கள் கொடியின் அந்த மூன்று நிறத்தையும் சேர்த்து வைத்திருந்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற காலம். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டபோது அவர் கண் கலங்கியது. அது ஊர்ப்பற்று என்று பெலாஜியா பெருமைப்பட்டாள்.

தவசு காலம் தொடங்கிய மறுவாரம், ஒரு சனிக்கிழமை, ஊர் வெடித்தது. நடுவூரில் கவர்னர் மாளிகையைச் சனங்கள் பிடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, அதைக் கேட்டு அடுத்த கோயில், அப்புறம் ஊரில் உள்ள அத்தனை கோயிலும். அந்த மணி ஐந்து நாளும் ஓயவில்லை.

பாலத்தடியில் தெருவை மறித்துத் தடுப்பு எழுப்பினார்கள். நசாரோ வண்டியைக் கவிழ்த்தான். சாமியார் கோயில் பெஞ்சுகளை எடுத்துப் போகச் சொன்னார். கலிமேரோ பட்டறை மேசையைக் கொண்டுவந்தார். பெலாஜியா கடைக் கதவையே கழற்றிக் கொடுத்துவிட்டு, சண்டைக்காரர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்தாள். இறைச்சி ஆகாத தவசு காலத்தில் குடல் ஏது.

அப்போது தெக்லா வந்தாள். வெள்ளாவி வைக்கிற செப்புக் கொப்பரையை மழைத்தண்ணீரில் உருட்டிக்கொண்டு வந்து தடுப்பின் முன்னால் நிறுத்தினாள். நாலு பேர் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. அவள் பிழைப்பே அதில்தான்.

"இதை வெச்சுக்கோங்க. குண்டு துளைக்காது."

"உன் கொப்பரை இங்க வேணாம்," என்றாள் பெலாஜியா.

"உனக்காக் குடுத்தேன்? தெருவுக்குக் குடுத்தேன்."

"தெருவுக்கும் வேணாம். எடுத்துட்டுப் போ. உன் வெள்ளைச்சட்டைக்காரனுக்குக் கஞ்சி காய்ச்சு."

தெக்லா எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயே விட்டுவிட்டு மழையில் திரும்பி நடந்தாள். எங்கிருந்தோ ஒருவன் "ஹச்" என்றான். பெலாஜியா உள்ளே போன பிறகு நசாரோ கொப்பரையை உருட்டித் தடுப்பின் நடுவில், பெஞ்சுகளுக்கிடையில் செருகிவிட்டான். வாய் வேறு, உயிர் வேறு என்று அவனுக்குத் தெரியும்.

கலிமேரோ அந்த நாட்களில் வேறு மனுஷனாக இருந்தார். ஊசியும் நூலுமாக வாழ்ந்தவர், தடுப்பின் உச்சியில் ஏறி நின்று ஓடு வீசினார். "இறங்கும் அய்யா" என்று நசாரோ காலைப் பிடித்து இழுத்தால் உதறினார். யாருக்கோ பட்ட கடனைத் தீர்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் வேகம். நாலாம் நாள், கோட்டை வாசல் பக்கமிருந்து வந்த குண்டு அவர் கழுத்தில் பட்டது. கொப்பரைக்குப் பின்னால் குனிந்திருந்தவர்கள் எல்லாம் பிழைத்தார்கள்.

அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் வளைவின் கீழே கிடத்தினார்கள். பெலாஜியா பின்தெருவில் ரொட்டி தேடப் போயிருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்தபோது அவள் கண்ட காட்சி இதுதான்: தெக்லா பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீரோடு முட்டி போட்டு, கலிமேரோவின் சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்துத் தன் முன்துணிக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எடுக்கிற?"

தெக்லா எழுந்தாள். "ரத்தத்தைத் துடைக்க வந்தேன்."

"கையைக் காட்டு."

"அழுக்குத் துணி. வெளுத்துக் குடுக்கறேன்."

பெலாஜியா அவள் முன்துணியைப் பிடித்து இழுத்தாள். ஒரு காகிதப் பொட்டலம் கீழே விழுந்து உடைந்தது. பழுப்புத் தூள் கல்தரையில் சிதறியது. காகிதத்தில் இரட்டைத் தலைக் கழுகு, சக்கரவர்த்தியின் முத்திரை. தூள் மூக்கில் ஏறித் தெக்லா தும்மினாள். வரக்கூடாத நேரத்தில் வந்த நிஜத் தும்மல்.

பெலாஜியா ஓங்கி அறைந்தாள். பிறகு மறுபடியும் அறைந்தாள். தெக்லா கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"என் புருஷன் பொணத்துக்குப் பக்கத்துல வந்துமா? செத்தவன் மூஞ்சியில பொடியைக் கொட்டவா வந்த?"

சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெக்லாவின் உதட்டில் ரத்தம். அவள் கலிமேரோவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் தெருவின் முதல் மாவீரன் தெருவின் முதல் பொய்யன் ஆகிவிடுவான்.

"இவளை இங்கருந்து இழுத்துட்டுப் போங்க," என்றாள் பெலாஜியா. "நான் கொல்றதுக்கு முன்னாடி."

அன்றைக்கே தெக்லாவின் துணிமூட்டையைத் தெருவில் எறிந்தார்கள். முட்டி போடுகிற மரப்பலகையைக் கால்வாயில் வீசினார்கள். அது மிதந்துகொண்டே பாலத்தடியில் போய் மறைந்தது. தெக்லா மதிலுக்கு வெளியே, ஒரு சேற்றோடைக் கரையில் இருந்த குடிசைக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் இரவு வெள்ளைச்சட்டைகள் ஊரைவிட்டு ஓடினார்கள். விடிந்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் மூவர்ணம் தொங்கியது. தெருவே கட்டிப்பிடித்து அழுதது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் கலிமேரோவின் பெயரைச் சொன்னபோது பெலாஜியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெக்லா முதல் நாளே கொடுத்த கொப்பரையை யாரும் நினைக்கவில்லை.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து ஒருநாள் நசாரோ தயங்கித் தயங்கிக் கடை வாசலில் வந்து நின்றான். கையில் குதிரையின் கழுத்துப்பட்டை. கலிமேரோ கடைசியாகத் தைத்தது. அதைப் பெலாஜியாதான் அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, சண்டைக்கு வரல. கோவிச்சுக்கக் கூடாது."

"என்னடா?"

"இதைப் போட்டதுலருந்து குதிரை தும்முது."

"குதிரை தும்முதா?"

"சாதாரணத் தும்மலா அக்கா? மேடு ஏறுனா ஒண்ணு, இறங்குனா ரெண்டு. பாக்கறவன் எல்லாம் சிரிக்கிறான். தெக்லா குதிரையாப் பொறந்து உன் வண்டி இழுக்கறாளான்னு கேக்கறான்."

பெலாஜியாவும் சிரித்தாள். "உள்ள திணிச்ச கம்பளி கெட்டுப் போயிருக்கும். வெச்சுட்டுப் போ. பிரிச்சுத் திணிச்சு வைக்கிறேன்."

அவன் போன பிறகு பட்டறைக்கு எடுத்துப்போய்க் கத்தியால் தையலைப் பிரித்தாள். கம்பளியை இழுத்தாள். கம்பளியோடு ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. இன்னொன்று, இன்னொன்று. எல்லாவற்றிலும் இரட்டைத் தலைக் கழுகு. ஒன்று கசங்கி உடைந்து தூள் கொட்டியிருந்தது. கடைசியாக, உருண்டையாகச் சுருட்டித் திணித்த ஒரு கைக்குட்டை. விறைத்துப்போய், பழுப்பேறி. ஓரத்தில் பச்சை, வெள்ளை, சிவப்பு.

பிப்ரவரியில் அவள் தைத்த ஓரம். சத்தியத்துக்குப் பிறகு தைத்த ஓரம்.

பெலாஜியா பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ போட்டதை நீ பாத்தியா?" என்று களியைக் கிளறிக்கொண்டு கேட்டாரே, அந்தக் குரல் காதில் வந்தது. "நிஜமாவே நீதான் கேக்கறியா பெலாஜியா?" அதுவும் வந்தது. சட்டைப் பையில் கை விட்டு எடுத்தாளே, அது வந்தது. ஆண்டவரே, அந்தக் கன்னத்தில் எத்தனை அறை. கை இன்னும் எரிகிற மாதிரி இருந்தது.

அடுப்பில் போட்டால் ஒரு நிமிஷத்தில் சாம்பல். யாருக்கும் தெரியாது. கலிமேரோவின் பெயர் பிரசங்கத்தில் இருக்கும், மாவீரன் மனைவி என்று அவளுக்கு வழிவிடுவார்கள். கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு வாயில் நின்றாள். அடுப்பு அணைந்து குளிர்ந்துபோகும் வரைக்கும் நின்றாள். அதைப் போட அவளால் முடியவில்லை. யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. அவளுக்கு எல்லாவற்றுக்கும் குரல் வரும், இதற்கு வரவில்லை.

திங்கட்கிழமை துவைக்கிற நாள். எல்லாக் கல்லிலும் பெண்கள். பெலாஜியா கரையிறங்கி முதல் கல்லுக்குப் போனாள்.

"தள்ளு மார்ச்செல்லீனா."

"அக்கா, இது என் கல்லு. நீங்கதானே குடுத்தீங்க."

"இது தெக்லா கல்லு. தள்ளு."

குடல் கழுவுகிற பெலாஜியா முட்டி போட்டுத் துணி துவைக்க உட்கார்ந்ததைப் பார்த்து வரிசையே அடிப்பதை நிறுத்தியது. அவள் கைக்குட்டையை விரித்துத் தண்ணீரில் அமுக்கினாள். பழுப்பு பிரிந்தது. புகை மாதிரி விரிந்து, தண்ணீரோடு நீண்டு, இரண்டாம் கல், மூன்றாம் கல் என்று ஒவ்வொருத்தி கையையும் நனைத்துக்கொண்டு, அவர்கள் வெளுத்து வைத்த வெள்ளைத் துணியை எல்லாம் தொட்டுக்கொண்டு கடைசிக் கல்வரைக்கும் போனது.

"ஐயோ, என் விரிப்பு," என்றாள் ஒருத்தி. "என்ன அக்கா இது? யாருது?"

பெலாஜியா ஈரக் கைக்குட்டையைத் தூக்கி ஓரத்தைக் காட்டினாள். அந்தத் தையல் யாருடையது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவளே காட்டிக் காட்டிப் பெருமையடித்த தையல்தானே. அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடி பழுப்பு.

"அப்ப அன்னிக்குக் கோயில்ல…" என்றாள் மார்ச்செல்லீனா.

"ஆமா."

"அப்ப தெக்லா…"

"ஆமான்னு சொன்னேன்ல."

மூன்றாம் கல்லில் இருந்தவள், "எங்க வீட்டுலயும்…" என்று தொடங்கி, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, துணியை எடுத்து ஓங்கி அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெலாஜியா பயந்தது நடக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் சாமியார் கலிமேரோவின் பெயரைச் சொன்னார். கோயில் வாசலில் யாரோ முணுமுணுத்தபோது நசாரோதான், "மூக்குலதான்யா பொடி, நெஞ்சுல இல்ல. நீ ஏறி நின்னியா அந்தத் தடுப்பு மேல?" என்று வாயை அடைத்தான்.

அவனே குண்டு பட்டு நெளிந்த கொப்பரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மதிலுக்கு வெளியே போய்த் தெக்லாவை அழைத்தான். அவள் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொப்பரைக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். முதல் கல்லில் மண்டியிட்டாள். வேலையைத் தொடங்கினாள். தெரு மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

பெலாஜியாவோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெலாஜியா கால்வாய்க்கரைக்குப் போய், "தெக்லா, என்னை மன்னிச்சுக்கோ" என்று நின்றாள். தெக்லா துணியை அடித்த அடியில் சோப்புத் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. கொழுத்த குடல் சூப் ஒரு கிண்ணம் கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்தாள். தெக்லா அதை அவள் கண்ணெதிரே நாய்க்கு ஊற்றி, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் பெலாஜியா கொண்டுபோனாள். நாய் கொழுத்தது. சாம்பல் சலிக்கும்போது தெக்லா தும்மினால், பாலத்து முனையிலிருந்து பெலாஜியா உரக்க "வாழ்க" என்பாள். பதில் வராது. அவள் தினமும் சொன்னாள்.

ஆகஸ்டில் எல்லாம் கைவிட்டுப் போனது. நம்மைக் காப்பாற்றப் பக்கத்து நாட்டிலிருந்து படையோடு வந்த ராஜா தோற்றுத் திரும்பினார், வெள்ளைச்சட்டைகள் மறுபடி ஊருக்குள் வருகிறார்கள் என்று கேட்டதும், தடுப்புக் கட்டியவர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள். பெலாஜியாவின் பெயர் யாருக்குத் தெரியாது? அவளும் கிளம்பினாள். தீச்சினோ ஆற்றைத் தாண்டி அந்த ராஜாவின் நாட்டுக்குப் போகிற கூட்டத்தோடு, தலையில் ஒரு மூட்டையும் கையில் ஒரு அகப்பையுமாக. அதன் பிறகு அவள் மிலானுக்குத் திரும்பவில்லை.

கிளம்புகிற அன்றைக்குப் பாலத்தில் நின்று கீழே பார்த்தாள். கரையில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். முதல் கல்லில், புதுப் பலகையில் முட்டி போட்டுத் தெக்லா துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன் தெக்லா," என்றாள் பெலாஜியா.

அடி நின்றது. தெக்லா நிமிரவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே, அந்த ஆம்பளைக் குரலில் சொன்னாள்:

"போற ஊர்ல சிரிச்சுப் பேசறவகிட்டத் துணியைப் போடாத. மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிறவளாப் பாத்துப் போடு."